அந்த நான்கு நாட்களின் படங்கள்

கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரிடமும் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பேச வந்தால் நாலு கதை சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு, கேன்டீனில் காபி குடித்துக் கிளம்பிவிடுவேன். என்னை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். யாராவது ஒருவர் சத்தமாகப் படியுங்கள். நடுவில் போனைப் பார்க்காதீர்கள்.

தேனியில் இந்த ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அந்த இருபத்திரண்டு வருடத்தில் சரியாகச் செய்த வேலைகளைச் சொல்லப் போவதில்லை. அவற்றுக்குத்தான் மாதாமாதம் சம்பளம் வந்துவிட்டதே. தப்பாகச் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

ஸ்டோரேஜ் பெட்டியில் ஒரு டிஸ்க்கை ஒதுக்கி, அதை நெட்வொர்க் வழியாக ஒரு விர்ச்சுவல் மெஷினில் மாட்டுவது எப்படி என்று முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு நிமிட வேலை. எந்தப் பட்டனை எங்கே அமுக்குவது என்று நான் விளக்கப் போவதில்லை. நான் ஓய்வு பெற்று வந்த பிறகு திரையே மாறிவிட்டதாம். கணக்குப் பிரிவுக்காரர்கள் யாராவது கூட உட்கார்ந்து கேட்டால் அவர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை: ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பத்துக் கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும். அவை ஒவ்வொன்றும் ஒரு விர்ச்சுவல் மெஷின். அவற்றின் டிஸ்க்குகள் அவற்றிடம் இருக்காது, பக்கத்து அறைப் பெட்டியில் இருக்கும். எந்த டிஸ்க்கை எந்த மெஷினில் மாட்டுவது, எதிலிருந்து கழற்றுவது என்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடி நாம் முடிவு செய்கிறோம். கையில் ஒரு கம்பியும் படாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கனமான ஒரு பொருளைத் தூக்கி வைத்தால் நம் உடம்புக்கே ஒரு எச்சரிக்கை வரும். இதில் அது வராது.

அந்தப் பெட்டியை முதன்முதலில் நிறுவ வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வாயில் வெற்றிலை இல்லாமல் பேசமாட்டார். சர்வர் அறைக்குள் வெற்றிலை கூடாது என்பதால் உள்ளே வந்தால் பேசவே மாட்டார். அவர் என்னிடம் பேசியதே மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று: "டிஸ்க்க மாட்டறதுக்கு முன்னால அது இப்ப யாருகிட்ட இருக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா அது கணக்கில்லைங்க." முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் பழகிக்கொண்டேன். ஒருமுறை அப்படி வாய்விட்டுச் சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. நான் தப்பாகக் கழற்ற இருந்தது, ஓடிக்கொண்டிருந்த எங்கள் மருந்துக்கடையின் டிஸ்க். அன்றைக்கு அவர் புண்ணியத்தில் தப்பித்தேன்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு புதன்கிழமை.

புதன்கிழமை என்றால் உங்களுக்குத் தெரியும். மதுரையிலிருந்து குழந்தைகள் இருதய டாக்டர் வருகிற நாள். போடி, கம்பம், உத்தமபாளையம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மலை மேல் ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். டாக்டர் இரண்டு மணிக்குப் பையைத் தூக்கிவிடுவார்.

எக்கோ படங்கள் எல்லாம் ஒரு பழைய விர்ச்சுவல் மெஷின் வழியாகப் போய் ஒரு பெரிய டிஸ்க்கில் சேர்ந்துகொண்டிருந்தன. எக்கோ என்பது இருதயம் துடிப்பதைத் திரையில் காட்டும் சின்ன வீடியோதான். அந்தப் பழைய மெஷின் சில வாரங்களாகவே முக்கி முனகிக்கொண்டிருந்தது. புதியது ஒன்றைத் தயார் செய்து வைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது பழையதை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, புதியதில் மாட்டுவதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைச் செய்வதாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு. மத்தியானமே லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒருநாள் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மெஷின் தவழ ஆரம்பித்தது. ஒரு படம் திறக்க நாலு நிமிடம், ஐந்து நிமிடம். ஆஸ்பத்திரி மேனேஜர் மூச்சு வாங்க வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சார், டாக்டர் கத்துறாக. வெளிய நாப்பது பிள்ளைக அழுதுக்கிட்டு கெடக்கு. என்னமாச்சும் பண்ணுங்க."

"பத்து நிமிசம் குடுங்க. பழச நிறுத்திட்டு மாத்திர்றேன்."

"பத்து நிமிசமா? பத்து நிமிசம் நிறுத்துனா அவுக பையத் தூக்கிட்டு மதுரைக்குக் கெளம்பிருவாக. நிறுத்தாம ஏதும் செய்ய முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே டிஸ்க்கைப் புதிய மெஷினிலும் மாட்டினேன். புதியது படிக்க மட்டும்தானே போகிறது, எழுதப் போவதில்லையே என்று கணக்குப் போட்டேன். 'இந்த டிஸ்க் வேறொரு மெஷினின் பயன்பாட்டில் உள்ளது, தொடரவா?' என்று திரை கேட்டது. வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஆள் நிற்கும்போது தனக்குத்தானே பேசினால் கிறுக்கன் என்று நினைப்பாரே என்ற வெட்கம். ஆமாம் என்று அமுக்கினேன்.

உள்ளே நடந்தது இதுதான். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை ஒவ்வொரு மெஷினும் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். புதிய மெஷின் டிஸ்க்கைப் பார்த்தது. ஒழுங்காக மூடப்படாமல் கிடக்கிறதே, இதன் சொந்தக்காரன் செத்துவிட்டான் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, தானாகவே அதைச் சீர் செய்ய ஆரம்பித்தது. வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் வந்து சாமான்களை ஒதுக்குகிற மாதிரி. பழைய மெஷினோ, இது எதுவும் தெரியாமல், தன் குறிப்பின்படியே எழுதிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் ஜெசிந்தா ஓடி வந்தார். ராயப்பன்பட்டிக்காரர், எக்கோ எடுப்பவர்.

"சார், ஒரு பிள்ளைய தொறந்தா வேற பிள்ள படம் வருது. பழசு ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது."

இரண்டு மெஷினையும் நிறுத்தினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாரா வாரம் சனிக்கிழமை இரவு அந்த டிஸ்க்கை நகல் எடுத்து வைப்போம். அந்த நகலிலிருந்து மீட்டுவிட்டோம். டாக்டர் அன்றைக்கு நாலு மணி வரை இருந்து, வீட்டுக்குக் கிளம்பாமல் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் மறுபடி படம் எடுக்க வைத்தார். திட்டினார். ஆனாலும் இருந்தார். கடைசிக் கணக்கில் போனது ஞாயிறு முதல் புதன் காலை வரையிலான படங்கள் மட்டும். எண்பத்தாறு பேருடையவை. எக்கோ மெஷினிலேயே ஒரு பிரதி இருக்குமே என்று கேட்பீர்கள். இடம் அடைக்கிறது, சர்வருக்குப் போனதுமே அழித்துவிடுங்கள் என்று ஜெசிந்தாவிடம் சொல்லி வைத்திருந்ததே நான்தான்.

நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வரி: 'சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அச்சிட்ட ரிப்போர்ட் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் நோயாளிகளுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை.' நல்ல தமிழ் என்று மேனேஜர் பாராட்டினார். நான்கு நாள்தானே, பத்து வருடப் படங்களைக் காப்பாற்றிவிட்டீர்களே என்று எல்லோரும் தேற்றினார்கள். ஒரு வாரத்தில் நானும் தேறிவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மூன்று மாதம் கழித்து ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை. கம்பத்திலிருந்து தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஓட்டுகிறவர். பெயர் சுருளிவேல்.

"சார், இங்கன படமெல்லாம் வைக்கிற ரூம் இதானாக்கும்?"

ரிப்போர்ட் காகிதம் ஒன்றை நீட்டினார். நாலாக மடித்து மடித்துக் கிழியும் பதத்தில் இருந்தது. பெயர் என்ற இடத்தில் 'பாண்டீஸ்வரியின் ஆண் குழந்தை' என்றிருந்தது. கீழே, இருதயத்தில் பெரிய ஓட்டை, உடனே மதுரைக்குக் கொண்டுபோகவும் என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை கம்பத்தில் பிறந்த பிள்ளை. திங்கட்கிழமை மூச்சு வாங்குகிறது என்று தேனிக்குக் கொண்டுவந்து எக்கோ எடுத்திருக்கிறார்கள். மனைவிக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம். அவரால் வர முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அங்கிருந்து ஊருக்குத் திரும்பி அடக்கம் பண்ணிவிட்டுத்தான் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு போட்டோகூட இல்ல சார். முப்பதாம் நாளு சாமி கும்புடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தா பிள்ளைக்கி ஆகாதுன்னு எங்க பக்கம் எடுக்க மாட்டாக. நான் ஆசைல ஒண்ணு எடுத்துப்புட்டேன். பெறந்த அன்னைக்கே. வீட்டுப் பெரியவுக பாத்துட்டு, 'ஏலே, கூறு இருக்கா ஒனக்கு, அழிடா'ன்னு சத்தம் போட்டாக. அழிச்சுப்புட்டேன் சார். நானே, இந்தக் கையாலயே."

"போன்ல தேடிப் பாத்தீங்களா?"

"மூணு கடைல குடுத்துப் பாத்துட்டேன். வரல. கடைசிக் கடைக்காரருதேன் சொன்னாரு, ஆசுபத்திரில எடுத்த படம் சர்வர்ல இருக்கும், அது அழியவே அழியாதுன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அழிச்ச அன்னைக்கு அவ ஒண்ணும் சொல்லல சார். பிள்ள போன பெறகு எங்கூடப் பேச மாட்டேங்குறா. மூணு மாசம் ஆச்சு. சோறு போடுறா, துணி தொவைக்கிறா. ஒரு வார்த்தை இல்ல. அந்த வீடியோவ மட்டும் வாங்கிக் குடுத்துட்டேன்னா..."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயரும் விவரமும் இருக்கிற பட்டியல் வேறு டிஸ்க்கில் இருந்ததால் அது தப்பியிருந்தது. பாண்டீஸ்வரியின் ஆண் குழந்தை, திங்கட்கிழமை, வீடியோ ஒன்று, முப்பத்தெட்டு வினாடி. தட்டினேன். ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தடவை தட்டினேன், அவர் பார்த்துக்கொண்டிருந்ததற்காக.

"பழைய படம், தேடி எடுக்கணும். அடுத்த புதன்கிழமை வாங்க" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பயம்தான், வேறு பெயர் எதுவும் அதற்கு வைக்க வேண்டாம்.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"வேற ஏதாச்சும் ஒரு பிள்ளையோட வீடியோவ, பேரை வெட்டிட்டுக் குடுத்துருங்க சார். எல்லா இருதயமும் ஒண்ணு மாதிரித்தேன் துடிக்குது. அவுகளுக்கு என்ன தெரியப் போகுது? அந்தப் புருசன் பொண்டாட்டி ஒண்ணு சேர்ந்தாப் போதும். அது பாவமா சார்?"

தம்பிகளா, தங்கச்சிகளா, நான் அதைச் செய்தேன். உங்களிடம் மறைத்தால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. அதே மாதத்தில் பிறந்த இன்னொரு பிள்ளையின் படத்தை எடுத்தேன். மேலே இருந்த பெயரையும் தேதியையும் வெட்டினேன். ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெட்டும்போது கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். பாண்டீஸ்வரிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கொத்து வெட்டும் வேலை பார்ப்பவர். எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தேன். புருஷனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

"சார்" என்றார் அவர். "அதுல ஓட்டை தெரியுமா?"

"என்னம்மா?"

"பிள்ளைக்கி இருதயத்துல இருந்த ஓட்டை. அந்தப் படத்துல தெரியுமா சார்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிரகணத்தன்னைக்கு நான் தோட்டத்துல கத்தரி பிடிச்சு வேல பாத்தேன் சார். அப்ப நாலு மாசம். அதுனாலதேன் பிள்ளைக்கி ஓட்டை விழுந்துச்சுன்னு ஊரே பேசுறாக. நான் பெத்த பிள்ளைய நானே வெட்டிட்டேங்குறாக. அந்த ஓட்டை எப்பிடி இருக்குன்னு நான் ஒரு தடவ பாக்கணும். கத்தரி வெட்டுன மாதிரி இருக்கா இல்லையான்னு. பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சுரும். வேற ஒண்ணும் வேணாம்."

என் பையில் இருந்தது ஓட்டை இல்லாத பிள்ளையின் படம். அதைக் காட்டியிருந்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டையே இல்லாத இருதயம். பிள்ளை எதனால் போனது? ஆயுசுக்கும் அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் பையிலிருந்து கையை எடுத்தேன். வெறுங்கையாக.

"அம்மா, படம் இல்லம்மா" என்றேன். "அழிஞ்சு போச்சு. என் தப்பு. அவசரத்துல செய்யக் கூடாத ஒண்ணச் செஞ்சேன். நாலு நாள் படம் போயிருச்சு. உங்க பிள்ளையோடது அதுல இருந்துச்சு."

சுருளிவேல் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அழியவே அழியாதுன்னாகளே சார்! போன வாரம் தேடித் தாரேன்னீகளே! அப்ப எதத் தேடுனீக?"

பாண்டீஸ்வரி கத்தவில்லை, அழவும் இல்லை.

"எப்ப அழிஞ்சுச்சு?" என்றார்.

"அதே வாரம். புதன்கிழமை."

"பிள்ள செத்த மூணாம் நாளு."

"ஆமாம்மா."

"அன்னையிலருந்து உங்களுக்குத் தெரியும்."

"ஆமாம்மா."

அவர் திரும்பி, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தார்.

"நீங்க அழிச்ச அன்னைக்கி ராத்திரியே எங்கிட்ட வந்து சொன்னீக" என்றார்.

அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்பது சுருளிவேலின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருக்காவது அந்தப் பிள்ளை நினைவில் இருக்கும் என்ற நப்பாசை. அவர் ரிப்போர்ட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஆமாம், நினைவிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒரு நாளைக்கி முப்பது பிள்ளைக்கி எடுக்குறேம்மா. உங்க பிள்ள மொகம் எனக்கு நெனப்பில்ல. மன்னிச்சுருங்க. ஆனா ஓட்டை எப்பிடி இருக்கும்னு என்னால சொல்ல முடியும்."

ஒரு வெள்ளைத்தாளில் இருதயத்தை வரைந்தார். நடுச்சுவரை வரைந்து, அதில் ஒரு இடத்தை வரையாமல் விட்டார். "இது உங்க பிள்ளையோடது இல்ல. பொதுவா இப்பிடித்தேன் இருக்கும். பாருங்க, வெட்டுனது இல்ல. ரெண்டு பக்கமும் வளந்து வந்து ஒண்ணு சேரணும், இந்த எடத்துல சேராம நின்னுருது. நீங்க கத்தரி பிடிக்கிறதுக்கு முன்னாடியே, ரெண்டாம் மாசத்துலயே அது ஆகிப்போயிரும்."

பாண்டீஸ்வரி அந்த இடைவெளியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல் வரை போய்விட்டு நின்றார்.

"சார், அந்த நாலு நாளுல இன்னும் எத்தன பேரு?"

"எண்பத்தஞ்சு பேரு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. யாரும் வந்து கேக்கல."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குப் பட்டியலை அச்சடித்தேன். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தேன். மேனேஜர் தடுத்தார். "யாரும் கேக்காதப்ப நீங்களாப் போயி ஏன் சார் சொல்றீக? ஆசுபத்திரி பேரு என்னாகுறது?" என்றார். என் வேலை போனாலும் பரவாயில்லை, என் பெயரையே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வேலை போகவில்லை. வரவேண்டிய பதவி உயர்வு ஒன்று வரவில்லை. அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை.

பாதிப் பேர் "சரி சார், அதான் ரிப்போர்ட் இருக்கே" என்று வைத்துவிட்டார்கள். நான் எதற்கு வருத்தப்படுகிறேன் என்றே அவர்களுக்குப் புரியவில்லை. தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் வைதார். அதில் பாதி நியாயம். மீதி அவருக்கு அன்றைக்கு யார் மேலோ இருந்த கோபம். வடுகபட்டியில் ஓர் அம்மா தன் மகனுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று மதுரையில் கேட்டிருக்கிறார்கள், இங்கே வந்து வாங்கலாம் என்றிருந்தேன் என்றார். அவரை மறுநாளே வரச்சொல்லி ஜெசிந்தா புதிதாக எடுத்துக் கொடுத்தார். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்த அம்மா ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து நின்றிருப்பார். 'நோயாளிகளுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன் அல்லவா.

நீங்களும் ஒருநாள் தப்புச் செய்வீர்கள். செய்யாமல் இந்த வேலையிலிருந்து யாரும் ஓய்வு பெற்றதில்லை. அன்றைக்கு அறிக்கை எழுத உட்காரும்போது எத்தனை ஜிபி போனது என்பதை இரண்டாவது பக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் யார் யாருடையது என்று எழுதுங்கள். பெயரோடு. எழுதி முடித்ததும், யாரும் வந்து கேட்பதற்கு முன்னால், போனை எடுங்கள். அழிந்தது என் கையால்தான், அதை நினைத்து இன்றும் அழுகிறேன். ஆனால் அழிந்த பிறகு மூன்று மாதம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேனே, அதை நினைத்தால் அழக்கூட வெட்கமாக இருக்கிறது.

எண்பத்தைந்தாவது பெயரையும் முடிக்க நாற்பது நாள் ஆனது. சிலர் நம்பரை மாற்றியிருந்தார்கள், ஊருக்கே போய் விசாரிக்க வேண்டியிருந்தது. முடித்த அன்று சுருளிவேலின் நம்பருக்குப் போட்டேன். மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"எல்லாருக்கும் சொல்லி முடிச்சுட்டேன்ப்பா. வீட்டுல சொல்லிருங்க."

"இருங்க சார்" என்றார். போனை நகர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். "ஏ பாண்டி, அந்த ஆசுபத்திரி சாரு. எண்பத்தஞ்சு பேருக்கும் சொல்லிட்டாராம்."

உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அவர் குரல், தூரத்திலிருந்து, தெளிவாக.

"எங்களுக்குத்தேன் மொதல்ல சொல்லிருக்கணும்னு சொல்லுங்க."

சுருளிவேல் தயங்கினார். "சார், அவ என்னா சொல்றான்னா..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டுச்சுப்பா" என்றேன்.